உமக்கு மூன்றில் ஒன்று, எனக்கு இரண்டில் ஒன்று

இன்று காலையிலேயே வெயில் நன்றாக எறித்தது. வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினேன். அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த அந்தக் குட்டித் தலையணையும் கையோடு வந்தது. மஞ்சள் பூப்போட்ட பழைய சேலைத் துணி, உள்ளே இலவம் பஞ்சு, ஒரு மூலையில் மட்டும் கறுப்பு நூல் தையல். நீர் தைத்தது. சூடேறியதும் பஞ்சு மணத்தோடு ஆஸ்பத்திரி மணமும் கிளம்பி வந்தது. எனக்கு உடனே உம்மேல் எரிச்சல் வந்தது. செத்துப்போன ஒருத்திமேல் எரிச்சல் வரலாமா என்று யாரும் கேட்டால், எனக்கு வருகிறது, நான் என்ன செய்ய.

நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவர்கள் இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் எல்லாம் பிரிகிற மாதிரி நோகும். இதை முதலே கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் காதால் கேட்டு இந்தக் காதால் விட்டேன். நீர் ஊரிலிருந்து வரும்போதே இரண்டு தைத்துக் கொண்டுவந்திருந்தீர். பக்கத்துக் கட்டிலில் நான் ஆஸ்பத்திரித் தலையணையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒன்றை என் மடியில் வைத்தீர். உம்முடையதில் பஞ்சு கூட, எனக்குத் தந்ததில் குறைவு. இரண்டையும் அமுக்கிப் பார்த்து அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன்.

நான் முரசுமோட்டை, நீர் நெளுக்குளம். கொழும்பில் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் வன்னியிலிருந்து வந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீர் வாய் திறந்ததுமே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று தெரிந்தது. எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வருகிற பெண்களின் பேச்சு. அதனால்தான் உம்மை 'நீர்' என்றேன், 'நீங்கள்' என்று வாயில் வரவில்லை. நீர் என்னை 'அக்கா' என்றீர். உமக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நீர் அக்கா என்றதும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒன்றிலாவது நான் மேலே நின்றேன்.

இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரு சுருட்டைத் தொட்டுப் பார்க்காதவர்கள். இரண்டு பேருக்கும் சுவாசப்பையில் புற்றுநோய். நல்ல காலத்துக்கு, முற்ற விடாமல் வெள்ளெனக் கண்டுபிடித்தார்கள். ஒரே டாக்டர், ஒரே கிழமை. எனக்கு இடது பக்கம், உமக்கு வலது பக்கம். டாக்டர் எனக்குப் படம் கீறிக் காட்டினார். வலது சுவாசப்பைக்கு மூன்று பகுதி, இடதுக்கு இரண்டு. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பகுதியை வெட்டி எடுத்தாயிற்று. நான் கட்டிலில் படுத்துக் கணக்குப் பார்த்தேன். உமக்கு மூன்றில் ஒன்று போனது, எனக்கு இரண்டில் ஒன்று. காணி பிரிக்கும்போது இப்படிப் பிரித்திருந்தால் நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன்.

"டொக்டர், அவவுக்கு ரெண்டு மிச்சம் இருக்கு, எனக்கு ஒண்டுதானே" என்று டாக்டரிடமே கேட்டேன். மனுசன் சிரித்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், மிச்சமிருப்பது மெல்ல மெல்ல விரிந்து வெற்றிடத்தை நிரப்பும், ஒரு வருசத்துக்குள் வர வேண்டிய மூச்சு வந்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. மனம் ஆறவில்லை.

மூச்சு வருவதும் வராததும் எனக்குச் சும்மா விசயமாக இருக்கவில்லை. என் புருசன் செத்துப்போன பிறகு வீட்டையும் வயலையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து மகன் ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்துச் சொன்னான்: "அம்மா, நீங்கள் தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? வயலைக் குத்தகைக்குக் குடுங்கோ. வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட் பாத்திருக்கிறன். லிஃப்ட் இருக்கு, படி ஏறத் தேவையில்லை." வெள்ளவத்தையில் ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு கடலைப் பார்க்கச் சொல்கிறான். நான் ஒரு வருசம் தவணை கேட்டேன். வருச முடிவில் டாக்டர் மூச்சைச் சோதித்து, தனியே இருக்கலாம் என்றால் முரசுமோட்டை, இல்லை என்றால் வெள்ளவத்தை. அவனும் ஒத்துக்கொண்டான். நீர் இதைப் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "லிஃப்ட்டெல்லாம் இருக்கா அக்கா, குடுத்து வச்சவங்க நீங்க" என்றீர். அன்றைக்கு முழுக்க நான் உம்மோடு கதைக்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த கையோடு இரண்டு பேருக்கும் நெஞ்சில் ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அதன் மற்ற நுனி கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தலுக்குள். இருமினால் போத்தலில் குமிழி வரும். குமிழி நின்றால் உள்ளே காயம் ஆறிவிட்டது, குழாயைக் கழற்றலாம். நான் என் போத்தலைப் பார்த்ததைவிட உம்முடைய போத்தலைப் பார்த்ததுதான் கூட. உமக்குக் குமிழி முதலில் நின்றது. தாதி மிஸ்ஸி வந்து குழாயைக் கழற்றினாள், நீர் கையை வீசிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் வந்தீர். நான் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு போகிற மாதிரி பின்னால் போனேன்.

பிறகு அந்த மூன்று பந்துச் சாமான். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே எடுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்ப வேண்டும். சொல்லிக் கொடுக்க வந்த பிசியோ சிங்களப் பிள்ளை. எங்களுக்காகத் தமிழ் படித்தவள், அவளில் பிழை இல்லை. "அம்மா, நல்லா மூச்சு விடுங்க" என்றாள். நான் விட்டேன். எங்கள் வாயில் மூச்சு விடுவதென்றால் சுவாசிப்பது முழுவதும்தான். அவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் குழாய் வாயில் இருக்கும்போது எனக்கு விடு என்ற சொல் மட்டும்தான் கேட்டது. பலங்கொண்ட மட்டும் ஊதினேன். பந்து இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் உமக்கு ஒன்று எழும்பி, இரண்டாவது ஆடிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று போனவளுக்கு இதுதான் விதி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் பிழையைக் கண்டுவிட்டு, "ஊத வேணாம் அம்மா, இழுங்க. நல்லா இழுங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டில் மூச்சு இழுக்கிறது என்றால் ஒரே ஒரு விசயத்துக்குத்தான் சொல்வார்கள். என் அம்மா சாகுமுன் மூச்சு எடுக்க முடியாமல் நாள் முழுக்கக் கிடந்தபோது வந்த சனம் எல்லாம் "இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறா" என்றுதான் வாசலில் நின்று கதைத்தது. எடுங்கோ என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். "பிள்ளை, அந்தச் சொல்லை எனக்குச் சொல்லாதையும்" என்று குழாயை மேசையில் வைத்துவிட்டேன். அவள் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் போனாள். பிறகு நான் எனக்குத் தெரிந்த மாதிரி ஊதிக்கொண்டே இருந்தேன்.

நீர் ஒரு பின்னேரம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட்டிலைவிட்டு எழும்பி வந்தீர்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஊதுறீங்க. இது வாங்குறது."

"என்னத்தை வாங்கிறது?"

"மூச்சத்தான். அவசரப்படாம வாங்கணும். வாங்கினத கொஞ்சம் கையில வச்சிருந்து, அப்புறமா விடணும்."

உம்முடைய ஆட்கள் களைத்துப்போனால் "மூச்சு வாங்குது" என்பார்கள். நாங்கள் "இளைக்குது" என்போம். அதற்கு முதல் நாள்தான் நடைபாதையில் ஒரு சுற்று நடந்து வந்து நீர் அந்தப் பிள்ளையிடம் "மூச்சு வாங்குதும்மா" என்று முறையிட்டிருந்தீர். அவள் மூச்சு நன்றாக உள்ளே வருகிறது என்று விளங்கிக்கொண்டு, "நல்லது, நல்லா வாங்குங்க" என்று இன்னொரு சுற்று அனுப்பிவிட்டாள். அந்தக் கதையை நீர் நடித்துக் காட்டியபோது இரண்டு பேரும் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்தால் உயிர் போகிற நோ. போதும் என்று நான் கும்பிட்டேன், நீர் நிறுத்தவில்லை.

வாங்கினேன். ஒரு பந்து எழும்பியது. நன்றி என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. உமக்கு அதற்குள் இரண்டு எழும்பி நின்றுகொண்டிருந்தது. ஊதுகிறதும் இழுக்கிறதும் தவிர எனக்கு ஒன்றும் வராதபோது, சும்மா களைப்புக்குச் சொல்கிற ஒரு சொல்லை எடுத்து நீர் அதால் மூச்சை உள்ளே கொண்டுவந்துவிட்டீர். அந்தச் சொல்லிலும் எனக்குப் பொறாமைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு போன் தொடங்கியது. நீர் சுகம் விசாரிக்க எடுத்தீர், நான் வேவு பார்க்க எடுத்தேன்.

"எவ்வளவு தூரம் நடக்கிறீர் இப்ப?"

"நெளுக்குளம் சந்தி வரைக்கும் போயிட்டு வந்தேன்க்கா. திரும்பி வரும்போது கொஞ்சம் நின்னேன். நீங்க?"

"நானோ? நான் வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்தனான்."

நான் வாசல் படலையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். பாதி வழியில் ஒரு பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கி வாங்கி விட்டேன். வாய்க்காலைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன். உமக்குச் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாது என்ற மானம். அடுத்த முறை நீர் ஒரு வாளி தண்ணீர் அள்ளினேன் என்றீர். நான் இரண்டு என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய் இரண்டு அள்ளினேன், அன்று முழுக்க முதுகு நிமிரவில்லை. என் மகன் கனடாவிலிருந்து காசு கட்டி இணையத்தில் பார்த்துச் சொன்ன உடற்பயிற்சி ஒன்றும் எனக்கு ஏறவில்லை. உம்முடைய குரலில் இருந்த அந்தச் சந்தோசம்தான் என்னை நடக்க வைத்தது.

கிளினிக்குக்கு ஒரே ரயிலில் போவோம். நான் கிளிநொச்சியில் ஏறி உமக்கு யன்னல் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பேன். வவுனியாவில் நீர் வழியனுப்ப வந்த மகளின் கையைப் பிடிக்காமல், சாப்பாட்டுப் பையை நீரே தூக்கிக்கொண்டு ஏறுவீர். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். உம்முடைய மகள் செய்தது. எனக்குக் கட்டித்தர யாரும் இல்லை, அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டுதான் சாப்பிட்டேன். உறைப்பில் மூக்கால் ஓடும், நல்ல ருசி.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகள் உமக்கு நினைவிருக்கும். முதல் முறை இரண்டு பேரும் பாதியில் குந்திவிட்டோம், சனம் எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் நீர் என்னைவிடச் சில படி மேலேதான் நின்றீர். மேலே நின்று கம்பியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்து, "வாங்க அக்கா, வாங்கிட்டு வாங்க" என்பீர். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க வயிறு பற்றி எரியும். உம்முடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டே அடுத்த படியில் காலை வைப்பேன். ஒரு முறை உம்மைத் தாண்டிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலே போய்க் கண் இருட்டி விழப் பார்த்தேன். நீர்தான் பிடித்தீர். "என்ன அவசரம் அக்கா, பாலம் இங்கதானே இருக்கப் போவுது" என்றீர். பிடித்த கையில் இருந்த பலத்தைப் பார்த்து அதற்கும் சேர்த்து எரிந்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நடைச் சோதனை வைப்பார்கள். அந்தப் பிசியோ பிள்ளை இரண்டு பேரையும் ஒன்றாக விடுவாள். முடிவில் உம்முடைய தோளில் தட்டி, "இந்த அம்மா மாதிரி நடக்கணும்" என்று எனக்குச் சொல்வாள். நான் உம்மிடம் போனில் நல்ல பிள்ளை என்று புகழ்ந்த அதே பிள்ளை.

பிறகு ஒரு பயணத்தில் வவுனியாவில் ரயில் நின்றது, நீர் வரவில்லை. பிடித்து வைத்த இடத்தில் வேறு யாரோ வந்து இருந்தார்கள். போன் எடுத்தால் உம்முடைய மகள், "அம்மாவுக்கு ரெண்டு நாளா தலவலிங்க" என்றாள். தலைவலிதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இன்றைக்கு அந்தப் பிள்ளை என்னைத்தான் தட்டிக் கொடுப்பாள் என்றும் நினைத்தேன். தட்டிக் கொடுத்தாள். அதில் ஒரு சுகமும் இருக்கவில்லை.

நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சுவாசப்பைப் பக்கம் ஒன்றும் திரும்பி வரவில்லை, அங்கே எல்லாம் சுத்தம். நாம் இரண்டு பேரும் காவல் இருந்த வாசலை விட்டுவிட்டு அது வேறு வழியால் வந்தது. கடைசியாகக் கதைத்தபோது உமக்குச் சொற்கள் இடம் மாறி வந்தன. ஆனால் மூச்சு முட்டாமல், இடையில் நிற்காமல் கதைத்தீர். நான் இரண்டு வசனத்துக்கு ஒரு முறை நின்று மூச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அது கவனத்தில் பட்டது.

செத்தவீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன். நெளுக்குளம் சந்தியில் இறங்கி, நீர் நடந்து பழகிய அந்த ரோட்டால் நடந்து வந்தேன். எங்கும் நிற்கவில்லை. உம்முடைய மகள் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிய, "மூச்சு மட்டும் கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க. மத்தியானம் தூங்குனவங்க, அப்படியே போயிட்டாங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேரும் பயந்தது ஒன்றுக்குத்தான். சாவுக்கு இல்லை, என் அம்மா கிடந்த மாதிரிக் கிடப்பதற்கு. உமக்கு அது இல்லாமல் போயிற்று. உம்முடைய காலடியில் நின்று நான் அழுதேன். அழுதுகொண்டு, எனக்கும் இப்படி ஒரு சாவு கிடைக்குமா என்று உம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

போக வெளிக்கிட்டபோது உம்முடைய மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். "அம்மா உங்க பேரச் சொல்லித்தான் நடப்பாங்க. கால் வலிக்குது, போதும்னு நாங்க சொன்னா, 'அந்தக்கா கண்ணு என் மேலயே இருக்குடி, நான் நின்னுட்டா அதுக்கு சந்தோசமாயிடும்'னு சிரிப்பாங்க" என்றாள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நீர் மேலே நின்று திரும்பிப் பார்த்திருக்கிறீர். கண்ணூறு என்று யாரும் நினைப்பார்களோ என்று ஒரு கணம் பயந்தேன். என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் முதலில் அந்த வெள்ளவத்தை லிஃப்ட்தான் அறுந்து விழுந்திருக்கும்.

வருச முடிவுச் சோதனைக்குத் தனியே போனேன். மேம்பாலப் படியில் எனக்கு முன்னால் குதிக்கால் இல்லை. பாதியில் நின்று மேலே பார்த்தேன், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் இறங்கி வந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி முடித்தேன். ஆஸ்பத்திரியில் மெசினில் ஊதச் சொன்னார்கள், இந்த முறை உண்மையாகவே ஊதத்தான் சொன்னார்கள். அது எனக்குக் கைவந்த வேலை. டாக்டர் படங்களையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த பகுதி விரிந்து இடத்தை நிரப்பிவிட்டது, வயல் வேலையை அளவோடு பார்த்துக்கொண்டு தனியே இருக்கலாம் என்றார். இவ்வளவு வரும் என்று தானும் எதிர்பார்க்கவில்லை என்றார். வாசலை விட்டு வெளியே வந்ததும் மகனுக்கு எடுத்தேன்.

"வெள்ளவத்தைக் கதையை விடு ராசா. நான் வரேல்லை."

"உண்மையா டொக்டர் சொன்னவரோ அம்மா?"

"ஓம். வேணுமெண்டால் நீ வந்து என்னோட வரம்பில நடந்து பார்."

இந்தப் போகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்து எங்கள் முறை வந்தபோது ஆளை அனுப்பாமல் நானே மண்வெட்டியோடு போனேன். வாய்க்காலைத் தாண்டி, வயலின் கடைசி வரம்பு வரைக்கும். மடையை வெட்டித் தண்ணீரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். இளைக்கவில்லை. அடுத்த வயல்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன அக்கா, தனிய வந்திட்டியள்" என்றார். "ஓம் தம்பி" என்றேன். அவர் தன் பாட்டில் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான்.

இடுப்பில் செருகியிருந்த போனைக் கை தேடிப் போனது. கடைசி வரம்பில் நிற்கிறேன் என்று ஒரு பொய்யும் கலக்காமல் சொல்ல ஆள் இல்லை. நீர் ஏறிய ஒவ்வொரு படிக்கும், அள்ளிய ஒவ்வொரு வாளிக்கும் வயிறெரிய ஒருத்தி கடைசி வரைக்கும் இருந்தாள். அதை அறிந்து, சிரித்துக்கொண்டு போனீர். எனக்கு இப்போது மூச்சு நிறைய இருக்கிறது, வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு சீவன் இல்லை. உம்மேல் எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அது ஒன்றுதான்.